சீல் குத்தின முட்டை

மத்தியானம் மணி அடித்ததும் ஏழாம் வகுப்பு செந்தமிழ்ச்செல்வி சத்துணவுக் கூடத்தின் பின்பக்கமாக ஓடுவாள். டிபன் பாக்ஸை நீட்டிச் சோறு வாங்கி, மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏதோ வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் மாதிரி புங்க மரத்தடியில் வந்து உட்காருவாள்.

மரத்தடி, வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறவர்களின் இடம். சத்துணவுத் தட்டு வாங்குகிறவர்கள் வராண்டாவில். எந்த டீச்சரும் அப்படிச் சொன்னதில்லை. ஆறாவது வந்ததும் பிள்ளைகளாகவே பிரிந்துகொண்டார்கள்.

செல்வியின் அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே கரும்பு வெட்ட லாரி ஏறிவிடுவார்கள். காலையில் அடுப்பு பற்றவைக்க ஆள் கிடையாது. பழையதைக் குடித்துவிட்டு, காலி டப்பாவோடு கிளம்புவாள்.

சத்துணவு முட்டையின் ஓட்டில் சீல் குத்தியிருப்பார்கள். அதனால் வழியிலேயே உரித்துச் சோற்றுக்கு அடியில் புதைத்துவிடுவாள். அன்றைக்கு அவசரத்தில் ஓட்டுச் சில்லு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உரக்கடைக்காரர் மகள் இலக்கியா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, சீலு? உங்க வூட்டுக் கோழி முத்திர குத்திக்கினு முட்ட போடுதா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அதான பாத்தேன்! சத்துணவுல புளிசோறுன்னா இவளுக்கும் புளிசோறு. எழுந்து வராண்டாவுக்குப் போடி."

பக்கத்தில் இருந்த தோழி ஜீவா தலையைக் குனிந்துகொண்டாள். செல்விக்குக் காது சுட்டது. சாப்பிடாமலே எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் டப்பாவில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து அம்மா கேட்டாள். செல்வி சொன்னாள்.

"வேணும்னா ரெண்டு மணிக்கே எழுந்து ஆக்கித் தரட்டா கண்ணு?"

அம்மாவின் கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மேல் அல்ல.

"ஒண்ணும் வேணாம். நீ தூங்கு."

மறுநாள் டப்பாவை எடுக்கவே இல்லை. மத்தியானம் கூடத்தின் முன்வாசல் வழியாகப் போய், வரிசையில் நின்று, சோறு போடும் அக்காவிடம் தட்டை நீட்டினாள்.

"கொளஞ்சியம்மாக்கா, கொஞ்சம் ஜாஸ்தியா வைங்க."

தட்டோடு நேரே மரத்தடிக்கு வந்து ஜீவா பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தாள்.

"ஏய், இது டப்பா கொண்டாறவங்க எடம்," என்றாள் இலக்கியா.

"யாரு சொன்னா? உங்கப்பா கடை உரத்துலயா இந்த மரம் வளந்துச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இலக்கியா முகம் சிவந்தது. "தட்டுக்காரி பக்கத்துல நாங்க ஒக்கார மாட்டோம்."

"அப்ப நீ எழுந்து போ. நான் போமாட்டேன். நேத்தே பசியில உயிரு போயிடிச்சி, இன்னிக்கும் பட்டினி கெடக்க என்னால ஆவாது."

இலக்கியா எழுந்தாள். கூடவே இரண்டு பேர். ஜீவாவும் பாதி எழுந்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"நேத்து சாப்புடவே இல்லியாடி நீ?"

"இல்ல. தள்ளி ஒக்காரு, காலு மடக்க முடியல."

வராண்டாவில் தட்டு வைத்திருந்த பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி வாயில் சோற்றோடு கத்தினாள்.

"இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? இங்க எடம் கெடக்குது, வாங்கடி!"

முதலில் ஒருத்தி மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.