எதிர்ப்பக்கம் சுற்றிய டேப்

அடி அண்ணாமலையில் கேபிள் லைன் மணிவேலுடையது. இன்று சாயங்காலம் வரைக்கும் அவனுடையது என்று சொல்வதுதான் சரி. லைனிலிருந்து சிக்னல் கசிந்து பக்கத்து செல்போன் டவரைக் கெடுக்கிறதென்று யாரோ புகார் போட்டுவிட்டார்கள். கம்பெனிக்காரர் ஒரு மீட்டரையும், இரண்டு பக்கமும் கம்பி நீட்டிய டைபோல் ஆன்டெனாவையும் கையில் கொடுத்து, சாயங்காலத்துக்குள் கசிவை அடைக்காவிட்டால் ஏரியா வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

ஏணி பிடிக்கத் தம்பி வல்லரசு தானாகவே வந்தான். வருஷக்கணக்கில் கூட வேலை செய்கிறவன்தான், ஆனால் நாலு தரம் கூப்பிடாமல் அசையமாட்டான். ஆபத்தென்றதும் கூடப்பிறந்தவன் ஓடி வந்துவிட்டானே என்று மணிவேலுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஏமாளி!

கிரிவலப் பாதையோரம், லைனுக்குக் கீழே ஆன்டெனாவைப் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே நடந்தான். மீட்டரில் எண் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கேதான் ஓட்டை. வேப்பமரத்தடிக் கம்பத்தில் எண் கிடுகிடுவென்று ஏறியது.

"இங்க ஒண்ணும் இருக்காதுண்ணா. அப்பால போலாம்," என்றான் வல்லரசு.

"மீட்டரு ஜாஸ்தி காட்டுதேடா."

ஏறிப் பார்த்தான். கேபிளின் மேல் கறுப்பு டேப். வழக்கம்போலப் பிரிக்கப் போனான், வரவில்லை. டேப் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த ஏரியாவில் லைன் வேலை தெரிந்த இடக்கைக்காரன் ஒருவன்தான். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே, சிக்னலை வெளியே விடாமல் காக்கிற மேல்வலையை ஒரு விரல் நீளத்துக்கு பிளேடால் சீவியிருந்தது. படம் போகிற நடுக்கம்பியில் கீறல்கூட இல்லை. டிவியில் படம் பளிச்சென்று தெரியும், எந்த வீட்டிலிருந்தும் புகார் சொல்லிப் போன் வராது. மழைத்தண்ணீர் இறங்காமல் டேப்பின் நுனியைக்கூட மடித்து ஒட்டியிருந்தான். கெடுக்கிற வேலையைக்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறானே, படுபாவி!

மணிவேல் டேப்பைப் பிய்த்து எடுத்தான். இறங்கி வந்து தம்பியிடம் நீட்டினான்.

"இத யாருடா சுத்தனது?"

வல்லரசு ஏதோ பொய் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான்.

"எத்தினி வருசம்ணா உனக்கு ஏணியே புடிச்சிகினு கெடக்கறது? ஏரியா என் பேருக்கு வந்தா இன்னா, நான் வேத்து ஆளா?"

"கேட்டிருந்தா பாதிய குடுத்திருப்பேனேடா."

"குடுத்திருப்ப. அப்பவும் நீ குடுத்ததாதான இருக்கும்."

அறையத்தான் கை வந்தது. ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் எங்கெங்கடா சீவி வெச்சிருக்க?"

வல்லரசு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எதிரே இரண்டு கம்பங்களைக் காட்டினான்.

மணிவேல் புதுக் கேபிள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஆட்டம் கண்ட மூங்கில் ஏணி அது, ஆள் பிடிக்காமல் நிற்காது. வேறு ஆளுக்கு எங்கே போவான்?

"புடிடா," என்றான்.

இத்தனை வருஷத்தில் ஏணி ஏறும்போது மணிவேல் கீழே பார்த்ததே இல்லை. இன்று ஒவ்வொரு படியிலும் பார்த்தான்.