புட்டிங் வாளி

எங்கள் ஹோட்டலைத் திருத்த வந்த பெண்மணிக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. எதைப் பார்த்தாலும் எடை போடுவார். வந்த வாரமே குளியலறைக் குழாய்களில் தண்ணீரைப் பாதியாக்கினார். ஆள் நடந்தால் மட்டும் எரியும்படி வராந்தா விளக்குகளை மாற்றினார். துண்டைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள் என்று விருந்தினரைக் கெஞ்சும் அட்டைகளை அறைக்கு அறை தொங்கவிட்டார். கரண்ட் பில் இறங்கியது. அத்தான் முகத்தில் சிரிப்பு ஏறியது. யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

கஷ்டம் வாளிகளோடு வந்தது.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர், ஹோட்டலின் முதலாளி. நான் ஸ்டோர் பார்க்கிறேன். அக்கா தயவில் கிடைத்த வேலை என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். அதற்காக அப்படிப் பேசலாமா?

"சமையலறை வழியாத்தான் உங்க லாபம் வெளியே போகுது," என்றார் தராசு. மதிய பஃபே முடிந்ததும் மிஞ்சியதையெல்லாம் ஒரே தொட்டியில் கொட்டக்கூடாது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி வாளி. எந்த வாளி கனக்கிறதோ அதைக் குறைக்க வேண்டும், இல்லை நிறுத்த வேண்டும். குப்பையும் குறையும், காசும் மிஞ்சும். யோசனையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

முதல் நாள் சூப் வாளியில் கொஞ்சம், நூடுல்ஸ் வாளியில் கொஞ்சம். புட்டிங் வாளியைத் தராசில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

அது அக்காவின் ரொட்டி புட்டிங். நாலு மேஜை போட்ட சாப்பாட்டுக் கடையாக இந்த இடம் இருந்த காலத்தில், மிஞ்சிய ரொட்டியைத் தூக்கிப் போட மனசு வராமல் அக்கா பாலில் ஊறவைத்துச் செய்தது. அதைச் சாப்பிடத்தான் கூட்டம் வந்தது. கூட்டம் வந்துதான் மாடி எழும்பியது, அறைகள் வந்தன, லிஃப்ட் வந்தது. இப்போது சமையலறை ஆட்களே பெரிய ட்ரேயில் செய்கிறார்கள். அக்கா காலையில் வந்து மேலே ஒரு பிடி பட்டைத்தூள் தூவிவிட்டுப் போவாள், கையெழுத்துப் போடுகிற மாதிரி. புட்டிங்கை நிறுத்துவது அவளையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"யாராவது அவகிட்ட பக்குவமா சொல்லணும்," என்றார் அத்தான், என்னைப் பார்த்து.

"உங்க சம்சாரம், அத்தான்."

"உனக்கு முதல்ல அக்கா. அப்புறம்தானே எனக்குச் சம்சாரம்."

இருவரும் மாஸ்டரைப் பார்த்தோம். எங்கள் தலைமைச் சமையல்காரர். அவர் அடுப்பைப் பார்த்தார்.

மறுநாள் அத்தான் மூன்று கரண்டிகளோடு சமையலறைப் பின்பக்கம் வந்தார். தராசு சாப்பிட்டுவிட்டு எடை போட வருவதற்குள் வாளி காலியாக வேண்டும். "புது வாளி மச்சான். சுத்தமான வாளி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. புட்டிங் வழவழவென்று மேலண்ணத்தில் ஒட்டியது. விருந்தினர் தட்டுகளில் விட்டுப்போன துண்டுகளை நூடுல்ஸ் வாளியின் அடியில் புதைத்தோம். பாவம் நூடுல்ஸ், செய்யாத தப்புக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

இதைத் தினமும் செய்தோம். தராசு அசந்துபோனார். நேராக அக்காவிடம் போய், இந்த ஹோட்டலில் துளிகூட வீணாகாதது உங்கள் புட்டிங் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழ சாலட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ட்ரே புட்டிங் வைக்கச் சொன்னாள்.

மாஸ்டர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். அத்தான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். "வேலை வேலைன்னு சாப்பிடாம இளைச்சுப் போறீங்களே," என்று அக்கா வருத்தப்பட்டாள். அத்தான் அப்போது சட்டைப் பொத்தானை மாட்ட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலி வாளியோடு அக்காவை நிற்கவைத்து ஒரு படம் எடுக்கத் தராசுக்கு ஆசை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கூட்டி வந்துவிட்டார். கதவு திறந்தபோது நாங்கள் மூவரும் தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அக்கா வாளியைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"வீட்ல செஞ்சா ஒருநாள்கூட இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டதில்லையே நீங்க."

அத்தான் அவசரமாக விழுங்கப் பார்த்தார். வாய் நிறைய இருந்தது.

அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"இது புது ரொட்டி."

"ட்ரே பெரிசாச்சு, மிஞ்சினது பத்தல," என்றார் அத்தான், ஒருவழியாக முழுங்கிவிட்டு. "அதான் பெட்டி பெட்டியா வாங்கச் சொன்னேன்."

"காய்ஞ்ச ரொட்டிதான் பாலைக் குடிக்கும். புதுசு பசை மாதிரி நிக்கும்." கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? மூணு பேரும் சேர்ந்து என்னைச் சின்னக் குழந்தை மாதிரி ஏமாத்தியிருக்கீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தராசு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றோடு புட்டிங் நின்றது. அக்கா அத்தானிடம் பேசுவதும் நின்றது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்வாள். "உங்க அத்தான்கிட்ட கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு." அவர் அவளுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்குப் போன் செய்து சொல்வேன்.

ஹோட்டல் லாபத்தில் ஓடியது. பால், முட்டை, குப்பை வண்டிக் கூலி எல்லாம் குறைந்தது. இப்போது அத்தான் உண்மையிலேயே இளைத்தார்.

அடுத்த கணக்குக் கூட்டத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். தராசு தொண்டையைச் செருமினார். "இப்ப கனக்கிறது ரொட்டி வாளிதான். பரிமாறாமலே காய்ஞ்சு போற ரொட்டி." கொஞ்சம் தயங்கினார். "அதை வச்சு இனிப்பு ஏதாவது பண்ண முடியுமான்னு…"

மாஸ்டர் மேஜைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அக்காதான் பேசினாள். "மிஞ்சினதுல மட்டும் செய்வேன். மிஞ்சலைன்னா கிடையாது. சூடா வைப்பேன், என் கையாலதான் போடுவேன்."

மறுநாள் பஃபேயின் கடைசியில் ஒரு சின்னப் பாத்திரம், பக்கத்தில் ஏப்ரன் கட்டிய அக்கா. பட்டை வாசனை லிஃப்ட் வரை வந்தது. பாதிக் கூட்டம் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாத்திரம் காலி. ஒருவர் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு இரண்டாவது தடவை வந்தார்.

"தீர்ந்துபோச்சு," என்றாள் அக்கா. "நாளைக்கு ரொட்டி மிஞ்சினா வாங்க."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் ஜாடிகளைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பஃபே முடிந்ததும் தராசு புட்டிங் வாளியை எடை போட்டார். வாளியின் எடை மட்டும்தான். அதைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மூவர் வாயையும் வரிசையாகப் பார்த்தார். திறந்து காட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அத்தான் மெதுவாக அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கலையா?"

அக்கா ஏப்ரனை அவிழ்த்தாள். போனைத் தேடவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"வாளியில பாருங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

காலி என்று தெரிந்தும் அத்தான் போய்ப் பார்த்தார்.