பதினேழாவது வரி

தொடரவா என்று திரை கேட்டது. கடைக்காரர் ‘ஒய்’ விசையைத் தட்டிவிட்டு டீயை எடுத்தார். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கித் துடைத்து விற்கிற தொழிலில் இருபது வருஷமாக அந்த விசைக்காக அவர் விரல் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மென்பொருளை நீக்க இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று ஆளை மட்டும் வெளியே அனுப்பும். மற்றது பெட்டி படுக்கையையும் சேர்த்துத் தெருவில் எறியும். அவருக்குக் கைவந்தது இரண்டாவது. வாங்குகிறவன் பழைய சொந்தக்காரனின் வாசனைகூட இல்லாத மெஷினைத்தானே கேட்பான்.

ஆனால் இது கடை மெஷின் இல்லை, வீட்டு மெஷின். டிஸ்க் நிரம்பித் திணறுகிறது என்று மனைவி காலையில் சொல்லியிருந்தாள். சொன்னதும் அந்த மெஷின் வழியாகத்தான். புற்று வந்து குரல்வளையை எடுப்பதற்கு முன்னால், மாப்பிள்ளை அவளை ஒரு மாதம் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, அவள் குரலையே ஒரு மென்பொருளாகக் கட்டி இதில் ஏற்றியிருந்தான். அவள் தட்டினால் அது பேசும். “ஏங்க, இதுக்கு மூச்சு முட்டுது. உங்க வியாபார மூளைய வீட்டுலயும் கொஞ்சம் காட்டுங்க” என்று, அதே இழுப்போடு, அதே நக்கலோடு. “தொண்டைய எடுத்தும் வாய் குறையல பாரு” என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவள் சிரிப்புக்கு மட்டும் சத்தம் இருக்காது.

பாட்டுப் போடும் பழைய மென்பொருள்களைத்தான் அவர் அந்த இரண்டாவது கட்டளையால் நீக்கினார். அவற்றுக்கு அடியில் கிடந்த, மெஷினில் சத்தம் வரவைக்கும் ஒலிப் பொதியும் போயிற்று. அந்தப் பொதியை நம்பி நின்றவை எல்லாமே கூடப் போகும் என்று, ‘தொடரவா’ என்று கேட்பதற்கு முன்பே திரை பட்டியல் போட்டுக் காட்டியிருந்தது. டீ முடிந்தபிறகுதான் மேலே நகர்த்திப் பார்த்தார். பதினேழாவது வரி: அத்தை-குரல்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

“மாமா, லிஸ்ட படிச்சீங்களா?”

“என்னைக்குப் படிச்சேன்.”

“சரி, பதறாதீங்க. கறுப்பு டிஸ்க்ல ஒரு காப்பி போட்டுக் குடுத்தேன்ல, அத எடுங்க.”

கடைக்காரர் அலமாரியைப் பார்த்தார். அந்த டிஸ்க் ஆறு மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் பொருளைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும்.

“மாமா?”

“தொடச்சு வித்துட்டேன் மாப்ள. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே?”

“பழைய லேப்டாப்ல இருந்துச்சு. அதையும் உங்க கடைக்குத்தான் குடுத்தேன்.”

மாப்பிள்ளை அங்கிருந்தபடியே ஒரு ரெடிமேட் குரலை ஏற்றிக் கொடுத்தான். “இப்போதைக்கு இது. அத்தகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்று வைத்துவிட்டான். செத்த பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டே நேற்றுதான் மாற்றியது என்று சொல்லத் தெரிந்த மனிதர். மாடியில் துணி எடுக்கப் போனவள் இறங்கி வருவதற்குள் ஒரு வாக்கியம் தயார் பண்ணப் பார்த்தார்.

அவள் துணிக்கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் தட்டினாள்.

“ஏங்க, சரியாயிடுச்சா?” என்றது, செய்தி வாசிப்பவள் போன்ற ஒரு குரல். சுத்தமாக, நக்கல் துளியும் இல்லாமல்.

அவள் சட்டென்று கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். திறந்து கிடந்த வாசலை அவரும் பார்த்தார்.