ஏழிலிருந்து எட்டு வரை நேற்று கிடையாது

டெப்போவில் அவளுக்கு ஈரக்கை என்று பெயர். பதினோரு வருடமாகப் பஸ் கழுவுகிற கை எப்படிக் காயும்? கழுவும் இடத்துக்குள் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அவள்தான். இரண்டு தூணுக்கு நடுவே, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் இடைவெளியில், அத்தனை பெரிய வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டுபோய்ச் செருகிவிடுவாள். டிரைவர்கள் டீ டம்ளரை வாயருகே பிடித்தபடி குடிக்க மறந்து நிற்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் டிரைவர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாள். ஓட்டுவதில் குறையே இல்லை. அந்தத் தேர்வில் ஓட்டினால் மட்டும் போதாது. என்ன செய்கிறோம் என்பதைச் செய்யும்போதே, டெப்போ விதிப்படி ஆங்கிலத்தில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கண்ணாடியைப் பார்க்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன், இடப்பக்கம் திரும்புகிறேன், இப்படி. சாலையில் கண் இருக்கிறதா என்று தேர்வாளருக்குத் தெரிய வேண்டுமாம். நியாயம்தான், ஆனால் நாக்குக்கு அந்த நியாயம் புரிய வேண்டுமே! முதல் முறை அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் சுற்றி வந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

இரண்டாம் முறைக்கு அவள் கணவர் கைகொடுத்தார். அவர் தையல்காரர். துணி வெட்ட அளவு வரையும் பழுப்புத் தாளில் தேர்வுப் பாதை முழுவதையும் நாற்பத்திரண்டு வரிகளாக எழுதித் தந்தார். அவளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு உருப்போட்டாள். தேர்வன்று பார்த்துத் தபால் ஆபீஸ் முன்னால் குழி தோண்டியிருந்தார்கள். தேர்வாளர் வலப்பக்கம் கையைக் காட்டினார். பஸ் வலப்பக்கம் போனது, வாய் மட்டும் "ஐ ஆம் டர்னிங் லெஃப்ட்" என்று இடப்பக்கம் போனது. அதோடு விட்டாளா? ஒரு டயர் கடையைத் தாண்டும்போது, "ஐ ஆம் ஸ்டாப்பிங் நியர் த ஸ்கூல்" என்று நிற்காமலே சொன்னாள். தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஒருவருக்கு மூன்று வாய்ப்புத்தான். இதுவும் போனால் ஆயுசுக்கும் சோப்புத் தண்ணீர்தான்.

"உன் கை ஒரு ஊர்ல இருக்கு, வாய் வேற ஊர்ல இருக்கு. ரெண்டையும் ஒரே வீட்ல குடி வைக்கணும்" என்றார் தையல்காரர்.

அதற்கு ஒரு சட்டமும் போட்டார். தினமும் மாலை ஏழிலிருந்து எட்டு வரை வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் அந்த நிமிடம் செய்துகொண்டிருப்பதை மட்டுமே, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நேற்று கிடையாது, நாளையும் கிடையாது.

யார் வாயைத் திறந்தாலும் என்றால், அதில் அண்ணியும் அடக்கம். அண்ணி, தையல்காரரின் அக்கா, அவர்களோடுதான் இருக்கிறாள். ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பாதுகாக்கிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது வருட வாரியாக அவளிடம் இருக்கும். அதில் முதல் கோப்பு, கூடத்துச் சுவரில் தொங்குகிற கல்யாண போட்டோ. எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த அந்தப் படத்தில் அண்ணி மட்டும் இல்லை. உள்ளே பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தவளை யாரும் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருடமாகியும், குழம்பில் உப்புக் குறைந்தால்கூடப் பேச்சு அந்த போட்டோவில் போய்த்தான் நிற்கும்.

முதல் நாள் ஈரக்கை, "ஐ ஆம் கட்டிங் ஆனியன்" என்று ஆரம்பித்தாள்.

"ஐ ஆம் ஸ்டிச்சிங் பாக்கெட்" என்றார் தையல்காரர்.

அண்ணி கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பே இல்ல. அன்னிக்கும் இப்படித்தான், எல்லாரும் போட்டோவுக்கு நின்னுட்டு..."

"அக்கா! மணி ஏழு பத்து. நேத்தே கிடையாதுங்கிறேன், நீ இருபத்திரெண்டு வருஷம் பின்னாடி போறியே!"

அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். முகம் சிவந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஐ ஆம் கெட்டிங் ஆங்ரி!" என்றாள்.

இருவரும் கைதட்டிவிட்டார்கள். "அண்ணி, எவ்வளவு சரியா சொல்லிட்டீங்க! எனக்கு இதுல பாதி வரலையே" என்றாள் ஈரக்கை, சட்டத்தை மறந்து தமிழில். பாராட்டிவிட்ட பிறகு கோபத்தை வைத்துக்கொண்டு அண்ணி என்ன செய்வாள்?

அப்புறம் அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. தையல்காரர், "ஐ ஆம் லுக்கிங் ஃபார் மை கிளாஸஸ்" என்று மேசைக்கு அடியில் தவழுவார். "யூ ஆர் வேரிங் தெம்!" என்று அடுக்களையிலிருந்து இரண்டு குரல் ஒன்றாக வரும். பால் பொங்கினால் அணைக்கிறதை விட்டுவிட்டு, "மில்க் இஸ் ரன்னிங்!" என்று போட்டி போட்டுக் கத்தினார்கள். சண்டைக்கு ஒரு நேற்று வேண்டும். அது கிடைக்காமல் சண்டை பட்டினி கிடந்தது. மூன்று பேரும் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை காலமாகிவிட்டது!

தேர்வன்று கணவர் டெப்போ வாசலில் வந்து நின்றார். சற்றுத் தள்ளி அண்ணியும் நின்றாள். கேட்டால், "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்றாள்.

தேர்வாளர் அதே ஆள், அதே பேனா.

"ஐ ஆம் ஸ்டார்ட்டிங் த இன்ஜின்" என்றாள். கை வழுக்கியது. "ஐ ஆம் ஸ்வெட்டிங்."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

தபால் ஆபீஸ் குழியை இன்னும் மூடியபாடில்லை. அந்த இடம் வந்ததும் பழுப்புத் தாள் மனத்துக்குள் படபடவென்று விரியப் பார்த்தது. அதைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுச் சாலையைப் பார்த்தாள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். "எ லேடி இஸ் கிராஸிங். ஷி இஸ் லுக்கிங் அட் ஹர் ஃபோன். ஐ ஆம் லுக்கிங் அட் ஹர். ஐ ஆம் வெயிட்டிங். த பேபி இஸ் வேவிங். ஐ ஆம் நாட் வேவிங், ஐ ஆம் ஹோல்டிங் த ஸ்டியரிங்."

தேர்வாளர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் அது.

கடைசியாக டெப்போவுக்குத் திரும்பி, கழுவும் இடத்தில் பின்பக்கமாக நிறுத்திக் காட்ட வேண்டும். அந்த இரண்டு தூண்களைக் கண்ணாடியில் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஐ ஆம் கோயிங் பேக். ஐ ஆம் கோயிங் ஸ்லோலி. ஐ ஆம் வெரி ஹேப்பி" என்று சொல்லிக்கொண்டே செருகினாள்.

"பாஸ்தான்மா, இறங்குங்க" என்றார் தேர்வாளர். "பயணிகள்கிட்ட மட்டும் வேர்க்குதுன்னு சொல்லிடாதீங்க. பயந்துருவாங்க."

பாஸானவரைக் குடும்பத்தோடு பஸ் முன்னால் நிற்கவைத்து எடுத்த படத்தை ஓய்வறைச் சுவரில் மாட்டுவது அந்த டெப்போவின் வழக்கம். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கினான். தையல்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி வந்து நின்றார். அண்ணி வாசலிலேயே நின்று, கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ரெடியா?" என்றான் மெக்கானிக்.

"இருங்க, இருங்க!" என்று அவனைத் தடுத்துவிட்டு, டெப்போவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் ஈரக்கை. "அண்ணி! போட்டோவுக்கு வாங்க! நீங்க இல்லாம எடுக்க மாட்டோம்!"

கைப்பைக்குள் போன கை அப்படியே நின்றது. அப்போது மணி காலை பதினொன்று. சட்டம் கிடையாது. நேற்றையும் பேசலாம், இருபத்திரண்டு வருடத்தையும் பேசலாம். அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெறிக்க அந்த ஈரத் தரையில் ஓடி வந்தாள்.

"ஐ ஆம் கமிங்! ஐ ஆம் கமிங்!"

அவள் வந்து நிற்பதற்குள் மெக்கானிக் அமுக்கிவிட்டான். படத்தில் அண்ணி கொஞ்சம் கலங்கலாக விழுந்திருந்தாள். இன்னொன்று எடுக்கலாம் என்றதற்கு, வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.