வலது பக்க ஸ்பீக்கர்

பல் டாக்டர் காரைக் கடை வாசலில் நிறுத்தி இறங்கும்போதே கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். அடிச்சத்தத்தை அதிரவைக்கிற புது சப்வூஃபர் பெட்டியை எங்களிடம் பொருத்திக்கொண்டு போன கார் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரக்கூடாது. அதுவும் இந்த மனுஷன் பாட்டைக் காதால் கேட்கிறவர் இல்லை, முதுகால் கேட்கிறவர். சீட் அதிரவில்லை என்றால் அவருக்குப் பாட்டே ஓடவில்லை என்று அர்த்தம்.

"சத்தம் வருதுங்க. ஆனா வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு," என்றார்.

ஏற்கெனவே இரண்டு கார்கள் இதே புகாரோடு வந்து போயிருந்தன. இரண்டிலும் இருந்தவை நான் செய்த பெட்டிகள். எங்கள் கடையில் ஸ்பீக்கர் பெட்டி அடிப்பதும் உள்ளே வயர் பற்றவைப்பதும் நான். அதைக் காரில் ஏற்றிப் பொருத்துவது என் தம்பி. அந்த இரண்டையும் அவன்தான் திறந்து சரிசெய்தான். பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் வயரும் மைனஸ் வயரும் இடம் மாறியிருந்ததாம். எட்டிப் பார்க்கப் போன என்னை, மனசு கஷ்டப்படும், நீ பார்க்காதே அக்கா என்று தடுத்துவிட்டான். சரிபார்த்துத்தானே மூடினேன் என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், தெருவுக்கே தெரியும். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. பார்த்ததாக நினைத்திருப்பாய், வயசாகிறது இல்லையா என்றான். அவ்வளவு இதமாகச் சொன்னான்.

கண் டாக்டரிடம் போனேன். கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, ஊசியில் நூல் கோக்கலாம் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் கோளாறு கண்ணில் இல்லை, தலையில் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு எது, கறுப்பு எது என்று தெரியாதவளுக்கு வயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் எதற்கு? அடுத்த மாதத்திலிருந்து நான் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொள்கிறேன், கடையும் என் மேஜையும் இனி உன் பொறுப்பு என்று தம்பியிடம் நானே சொன்னேன். அவன் கண் கலங்கியது. என் தம்பி தங்கம் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

இன்று பல் டாக்டர் வந்த நேரம் தம்பி சாமான் வாங்கப் போயிருந்தான். அவன் வரட்டும் என்றேன். கிளினிக்கில் ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்றார் அவர். சரி, நானே இறங்கினேன்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. எர்த் வயர் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கமாகப் பிடித்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுப்பாக, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எங்காவது காற்று கசிகிறதா என்று பெட்டியின் ஓரமெல்லாம் கையை ஓட்டிப் பார்த்தேன், இல்லை. பிறகு பெட்டியிலிருந்த இரண்டில் இடது ஸ்பீக்கரை மட்டும் பாட விட்டேன். டிக்கி கதவே அதிர்ந்தது. வலதை மட்டும் விட்டேன், அதுவும் அதிர்ந்தது. இரண்டையும் சேர்த்து விட்டதும் பொசுக்கென்று அடங்கிப்போயிற்று. ஒரே ஒரு கோளாறுக்குத்தான் அப்படி ஆகும். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. சின்ன பேட்டரி ஒன்றை எடுத்து வயர் முனைகளில் தொட்டேன். இடது ஸ்பீக்கரின் அதிர்கிற கோன் வெளியே வந்தது. வலது கோன் உள்ளே போயிற்று.

திருகுகளைக் கழற்றி வலது ஸ்பீக்கரை வெளியே இழுத்தேன். பிளஸில் இருக்கவேண்டிய சிவப்பு வயர் மைனஸில் பற்றவைக்கப்பட்டிருந்தது. அப்படியே டிக்கி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் செய்திருக்கிறேன். என் காலம் முடிந்தது என்று தோன்றியது.

வெட்டி மாற்றிப் பற்றவைக்கலாம் என்று வயரை வெளிச்சத்துக்கு இழுத்தேன். ஈயம் முடிகிற இடத்தில் செம்புக் கம்பி கொஞ்சம் தெரிந்தது. அதன் முறுக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

நான் இடது கைக்காரி. வயர் நுனியை உரித்து முறுக்கினால் என் முறுக்கு இடப்பக்கம்தான் ஓடும், தம்பியுடையது எதிர்ப்பக்கம். எந்த வேலை யாருடையது என்று நாங்கள் இருவரும் அதை வைத்தே சொல்லிவிடுவோம். இடது ஸ்பீக்கரையும் கழற்றிப் பார்த்தேன். அதில் என் முறுக்கு இருந்தது. எவ்வளவு தலை கெட்டாலும் ஒரு மத்தியானத்துக்கு மட்டும் நான் வலது கைக்காரி ஆகமாட்டேன். நான் முடித்துக் கொடுத்த பெட்டியை, காரில் ஏற்றும் முன் அவன் திறந்திருக்கிறான். வெட்டி, மாற்றி, பற்றவைத்து மூடியிருக்கிறான்.

எனக்கு ஒன்றுமில்லை, என் தலை நன்றாக இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள். அது வந்து முடிவதற்குள், செய்தது என் தம்பி என்பது உறைத்தது.

வயரை மாற்றிப் பற்றவைத்தேன். இரண்டும் சேர்ந்து பாடியதும் டாக்டர் டிரைவர் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். கிளம்பும்போது, உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று தம்பி சொன்னாரே, இப்போது பரவாயில்லையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

தம்பி வந்தான். வெட்டிய வயர் நுனியை மேஜை மேல் வைத்திருந்தேன். பார்த்தான். அவனுக்கு விளக்கவா வேண்டும்? வாங்கி வந்த பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கடையக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா," என்றேன்.

"அதான்க்கா," என்றான். "நீ குடுத்ததா இருக்கக்கூடாது. உனக்கு முடியாம போயி, நான் தாங்கிப் பிடிச்சதா இருக்கணும்."

எங்கே போனாலும் அக்கா கடைத் தம்பி, அக்கா கடைத் தம்பி என்று கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டதாம். அதற்கு என் மூளையில் கை வைத்திருக்கிறான். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால்கூட வலித்திருக்காது. இவன் என்னைப் பைத்தியமாக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறான்.

அம்மாவிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நாளாக அம்மா என்னிடம் போனில் நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

போனை அவன் முன்னால் தள்ளினேன். "அம்மாவக் கூப்பிடு. அக்கா தப்பு பண்ணல, நான்தான் பண்ணேன்னு சொல்லு. அப்புறம் நீ இங்கேயே இரு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

எடுத்தான். அம்மாவின் நம்பரைக்கூட எடுத்துவிட்டான். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. பிறகு போனை என் பக்கமே நகர்த்தி வைத்தான்.

"கடைய விட்டே போயிடறேன்க்கா. இத மட்டும் கேக்காத."

தன் சாமான்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நானே அம்மாவைக் கூப்பிட்டேன். பல் டாக்டர் கார், மாறியிருந்த வயர், முறுக்கு எந்தப் பக்கம் ஓடும் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "சரிம்மா, சரி. நீ சொன்னா சரிதான். அவன் மேல கோவப்படாத, உனக்காகத்தானே அவன் இவ்வளவு பாடுபடறான்," என்றாள்.

பிறகு, சின்னக் குழந்தையிடம் கேட்பதுபோல, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை.