நிழல் இல்லாத பிறந்தநாள்

குழந்தைகளின் பிறந்தநாள் விருந்தை யாராவது உச்சி வெயிலில் வைப்பார்களா என்று கேட்காதவர்கள் அந்தக் குடியிருப்பில் இல்லை. சாயங்காலம் வைத்தால் காற்று வரும், பலூன் தாக்குப்பிடிக்கும், கேக் உருகாது. ஷாகிதாவுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. குமணன்சாவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் உட்கார்ந்து, யார் வெறும் வயிற்றோடு வர வேண்டும், யார் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். எதையும் முன்கூட்டி யோசித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. ஆனால் இந்த நேரத்தைக் குறித்தது அவள் அல்ல. எட்டு வயதாகப் போகிற அவள் மகள் ஃபிசா.

"மத்தியானம் பன்னண்டே கால்தாம்மா. அப்பதான் நம்ம நிழல் காணாமப் போவும்."

அத்தா ராஷித்தின் போனில் அவள் பார்த்த ஏதோ ஒரு வீடியோ அது. வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அந்தச் சில நிமிஷங்கள் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் விழாது. ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள். ஆகஸ்டில் வருகிற நாள் ஃபிசாவின் பிறந்தநாள். அது தெரிந்த நிமிஷத்திலிருந்து அவள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மேஜிக்காரரை மறந்தாள், யூனிகார்ன் கேக்கை மறந்தாள். பள்ளிக்கூட வேனில் எல்லோரையும் அழைத்தும் விட்டாள்: என் பிறந்தநாளுக்கு வாங்க, உங்க நிழலு போயிடும்.

வேனில் நடந்ததைக் கீழ்வீட்டு ரெனிதா வந்து சொன்னாள். ரெனிதாவுக்கும் ஃபிசா வயதுதான்.

"முஸ்தகீம் இன்னா சொன்னான் தெரியுமா ஆன்ட்டி? மயிலு வந்த ஊட்லதான நிழலு போவும், போய்ப் பாத்துடலாம்டா, இல்லன்னா புளுகுணின்னு அவ பேரையே மாத்திடலாம்னு சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

மயில் கதை சென்ற வருஷத்தது. மொட்டை மாடியில் மயில் வந்து நின்றதாக ஃபிசா சொன்னாள். வேறு யாரும் பார்க்கவில்லை. பள்ளி வாசலில் ஒரு அம்மா, "உங்க மாடிக்கு மயில் வருதாமே" என்று கேட்டபோது ஷாகிதா சிரித்துவிட்டு, "அவ சும்மா சொல்லுவா" என்றாள். அன்றிலிருந்து புளுகுணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த வேன் முழுக்க வீடு தேடி வரப்போகிறது.

விருந்துக்கான ஏற்பாடுகளை ரெனிதாவின் அம்மா ஞானகுமாரியோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். ஞானகுமாரி ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை மேய்த்துப் பழகியவள்.

"கால்ல பலூன் கட்டி ஒருத்தர் பலூன ஒருத்தர் மிதிக்கிற விளையாட்டு வெய்யி ஷாகிதா. சத்தம் தாங்காது, ஆனா ஒரு மணி நேரம் ஓடிடும். அப்புறம் பாட்டு நின்னா நாற்காலி."

"ரிட்டர்ன் கிப்டுக்கு இன்னாக்கா குடுக்கலாம்?"

"கலர் பென்சில். தின்றதுக்குக் குடுத்தா வேன்லயே தின்னு வாந்தி எடுக்கும்ங்க. சரி, நிழலு விஷயம் இன்னா? நெஜமாவே போவுமா?"

"போவும்னுதான் போட்டிருக்கு."

"நீ இன்னா சொல்ற?"

ஷாகிதா பேச்சைச் சமோசாவுக்குத் திருப்பினாள். சமோசா எத்தனை, மினி சமோசாவா பெரிசா என்று.

வேலை ஓய்ந்த நேரத்தில் அவளும் தேடிப் படித்திருந்தாள். விஷயம் உண்மைதான். ஆனால் படித்தது கண்ணோடு நின்றுவிட்டது, உடம்பு நம்பவில்லை. பிறந்ததிலிருந்து காலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூந்தமல்லியில் எப்படி இல்லாமல் போகும்? போகட்டும், உண்மையாகவே இருக்கட்டும். வானம் இருக்கிறதே. ஆகஸ்ட் மாசம். அந்த வாரம் தினமும் மத்தியானத்தில் மேகம் கூடி, சாயங்காலம் மழை அடித்துக்கொண்டிருந்தது. கேக்கைச் சொல்லி வைக்கலாம், நாற்காலியைச் சொல்லி வைக்கலாம். வெயிலை யாரிடம் சொல்லி வைப்பது?

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டின்போது கணவன் ராஷித்திடம் சொன்னாள். அவன் டிரங்க் ரோட்டில் பிளைவுட் கடை வைத்திருப்பவன்.

"மச்சான், மாடியில சாமியானா போட்டுடலாம்."

"இன்னாத்துக்கு? வெயிலு வேணும்னுதான உம்பொண்ணு குதிக்குது."

"புள்ளைங்க வெயில்ல நின்னு மயக்கம் போட்டா யாரு பதில் சொல்றது?"

ராஷித், "உன் இஷ்டம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் சொன்ன காரணம் நல்ல காரணம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவள் தனக்கே எடுத்துக் காட்டிக்கொள்ளவில்லை. மேலே துணி இருந்தால் நிழலைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாவிட்டால் யாரும் தோற்கப் போவதில்லை.

ஞாயிறு காலை, பந்தல்காரர் வேம்புலி கம்பு நட்டு, சிவப்பும் மஞ்சளுமான துணியைக் கட்டி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடியின் ஒரு பாதிக்கு மேல் மூடியிருந்தது. பிள்ளைகள் நிற்க இடமில்லாத மீதியில் தண்ணீர்த் தொட்டியும், அடுத்த மாடி எழுப்புவதற்காகத் தூண்களின் மேல் விட்டிருந்த இரும்புக் கம்பிகளும். ஷாகிதா நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, புது ஃப்ராக்கோடு ஃபிசா மேலே வந்தாள். வாசலிலேயே நின்று துணியை அண்ணாந்து பார்த்தாள்.

"இது எதுக்கும்மா?"

"வெயிலுடி. உன் ப்ரெண்ட்ஸுங்கல்லாம் வாடிப் போயிடுவாங்க."

கூரையின் சிவப்பு அவள் முகத்தில் விழுந்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"உனக்கும் நான் புளுகுணிதானம்மா?"

ஷாகிதாவின் கையில் ஒரு நாற்காலி இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. இவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம், கோபப்பட்டிருந்தால் திட்டியிருக்கலாம். கேள்வியாகக் கேட்டுவிட்டாள். ஷாகிதா தனக்கே காட்டாமல் மறைத்து வைத்திருந்ததை இந்தச் சின்னப் பெண் துணியைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டாள். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வேனில் சிரித்தவர்களின் பக்கம் தான் போய் உட்கார்ந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாற்காலியை வைத்தாள். "வேம்புலி அண்ணே, துணிய அவுத்துடுங்க."

வேம்புலி டீ கிளாசை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாக்கா, இப்பதான் கட்டிட்டு எறங்கிக்கினு கீறேன். ரேட்டு பேசுனது பேசுனதுதான், சொல்ட்டேன்."

"ரேட்ட கொறைக்கச் சொல்லல. அவுத்துடுங்க."

"புள்ளைங்க வதங்கிப் பூடும்க்கா."

"வதங்கட்டும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்தார். துணி சரிந்து விழுந்ததும் மாடி முழுக்க வெளிச்சம் பரவியது. ஃபிசா ஓடிப்போய் ஒரு கம்பியின் நிழலை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது மேற்குப் பக்கமாகப் படுத்திருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பலூன் விளையாட்டு நடந்தது. ஞானகுமாரி சொன்ன மாதிரியே சத்தம் தாங்கவில்லை. முஸ்தகீம் எல்லோருடைய பலூனையும் மிதித்துவிட்டு, தன்னுடையதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினான். நடுநடுவே நின்று, "இன்னும் கீதே ஃபிசா, என் நிழலு எங்கயும் போவலயே" என்று நாக்கைத் துருத்தினான். "இருடா, நேரம் ஆவல" என்றாள் ஃபிசா.

நேரம் நெருங்கியபோது மேகம் வந்தது.

மாங்காடு பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய மேகம், அவசரமே இல்லாமல் வந்து சூரியனை மூடியது. மாடி மங்கியது. ராஷித் கேக் பெட்டியோடு மேலே வந்தவன் வானத்தைப் பார்த்துவிட்டு ஷாகிதாவைப் பார்த்தான். ஞானகுமாரி உதட்டுக்குள் எதையோ ஜெபித்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் காலடியைப் பார்த்தார்கள்.

"போயிடுச்சு பாரு," என்றாள் ரெனிதா, தோழிக்காக.

"இது மேகம்டி. இதெல்லாம் கணக்குல வராது," என்றான் முஸ்தகீம். நியாயமான பையன்தான்.

"ஆமா, இது இல்ல," என்றாள் ஃபிசா. கைகள் இரண்டையும் ஃப்ராக்கின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள்.

ஷாகிதா சமாளிப்பதற்கான வார்த்தைகளைத் தேடினாள். கேக் வெட்டலாமா, நாற்காலி விளையாட்டு ஆடலாமா. எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, மகள் பக்கத்தில் போய் அவளும் மேலே பார்த்தாள். முன்மேசையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாகப் பிறரைக் காத்திருக்கச் சொன்னவளுக்கு, செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் காத்திருப்பது இதுதான் முதல் முறை என்று தோன்றியது.

மேகத்தின் ஓரம் வெளுத்தது. பிறகு கிழிந்தது.

வெயில் நேராக இறங்கியது. பக்கவாட்டிலிருந்து அல்ல, மேலிருந்து, தலையில் கை வைப்பது போல. முதலில் பார்த்தது வேம்புலி. போகாமல் தொட்டியோரமாகக் குந்தியிருந்தவர் மெதுவாக எழுந்தார். "யக்கா, அந்தக் கம்பியப் பாரு."

தூண்களின் மேல் நின்ற கம்பிகளுக்கு அடியில் ஒன்றும் இல்லை. காலையில் தரையெல்லாம் கோடு கிழித்திருந்த அத்தனை கம்பிகளும், யாரோ காகிதத்தில் வரைந்து வைத்தது போல வெறுமனே நின்றன. பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்களை ஓடி எடுத்து வந்து தரையில் நிறுத்தினார்கள். சிவப்பு பாட்டில், நீல பாட்டில். சுற்றிலும் சுத்தமான வெயில். ரெனிதா கேக் மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துத் தரையில் நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

சத்தம் நின்றுவிட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் போவது கேட்டது.

ஷாகிதா குனிந்து தன்னைப் பார்த்தாள். தலையின் நிழல் தோளிலேயே தங்கிவிட்டது. காலைச் சுற்றி ஒரு சின்னக் கறுப்பு வட்டம், அவ்வளவுதான். நீண்டு போகிற ஷாகிதா எங்கும் இல்லை. சின்ன வயதில் மதரஸாவில், சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் லுஹர் என்னும் மதியத் தொழுகையின் நேரம் ஆரம்பம் என்று ஒப்பித்திருக்கிறாள். எத்தனை ஆயிரம் முறை அந்த நேரம் அவள் தலைக்கு மேல் கடந்திருக்கும். ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன் இதே நாளில், திரை இழுத்து மூடிய ஆஸ்பத்திரி அறையில் அவள் வலியில் கத்திக்கொண்டிருந்தபோதும் சூரியன் இப்படித்தான் கூரைக்கு நேர் மேலே வந்து நின்றிருக்கிறது. யாரும் அழைக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. வந்துவிட்டுப் போயிருக்கிறது.

பெயர் தெரியாத எவ்வளவோ பெரிய ஒன்று, தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ் ஆண்டெனாக்களும் நிறைந்த இந்த ஊருக்கு மேலே, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது. அது வரும் என்று இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அவளைத் தான்தான் பெற்றாள் என்பது ஷாகிதாவுக்கு அப்போது நம்ப முடியாத செய்தியாக இருந்தது.

முஸ்தகீம் ஒரு காலைத் தூக்கி, செருப்புக்கு அடியில் பார்த்தான். பிறகு மறு காலை.

"வருது, வருது," என்றாள் ரெனிதா. பாட்டில்களின் அடியில் மயிரிழை போல ஒரு கறுப்பு தெரிந்தது. காலையில் கம்பிகளின் நிழல் மேற்கே இருந்தது, இது கிழக்கே.

"வேற பக்கமா வருது பாரு," என்றான் முஸ்தகீம். அவன் குரலில் கிண்டல் இல்லை. ஃபிசாவிடம் நெருங்கி வந்து நின்றான். "பழைய நிழலுதானா இது? இல்ல புச்சா?"

எல்லோரும் ஃபிசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வேம்புலியும் பார்த்தார். ஷாகிதாவும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

ஃபிசா குனிந்து பாட்டிலின் அடியைப் பார்த்தாள்.

"தெரியலடா," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கேக் வெட்டலாம் வாங்க என்று ராஷித் கூப்பிட்டான், ஒருவரும் போகவில்லை. பாட்டில்களைச் சுற்றி உட்கார்ந்து, அந்தக் கறுப்பு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாகிதாவும் அவர்களோடு சூடான தரையில் உட்கார்ந்தாள்.