நான்காவது ஆதாரம்

எப்சி கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் கௌரவம் பெயரோடு சரி. வேலை வருஷா வருஷம் துறைத்தலைவரின் கையெழுத்தில் தொங்கும். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில், வரலாறு படிக்கும் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு ஆய்வு செய்யச் சொல்லித் தருகிறாள். ஊருக்குள் போய் யாரையும் பேட்டி எடுக்கக் கூடாது, ஏற்கெனவே வந்த புத்தகங்களை வைத்துத்தான் எழுத வேண்டும் என்பது துறையின் விதி. ஏட்டுச் சுரைக்காய்தான். அதையும் ஒழுங்காக நறுக்கத் தெரிய வேண்டும் என்பது எப்சியின் கட்சி.

"எந்தப் புத்தகத்தையும் அப்படியே நம்பாதீங்க. அடிக்குறிப்பைப் பிடிச்சுக்கிட்டே போங்க. இவருக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னதுன்னு கேளுங்க" என்பாள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு எதையாவது காப்பியடித்துக் கொடுப்பார்கள். நிஷா மட்டும் சொன்னதைச் செய்து தொலைத்தாள்.

நிஷா மீன்பிடிக் குடும்பத்துப் பெண். முகத்துவாரத்தை ஒட்டி அவள் பிறந்த குப்பம் இப்போது இல்லை. அது எப்படிக் காலியானது என்பதுதான் அவளுடைய ஆய்வு. மூன்று புத்தகங்களில் ஒரே வரி இருந்தது: மக்கள் தாங்களாகவே முன்வந்து இடத்தைக் காலி செய்தனர்.

"ரெண்டு புக்கும் மூணாவதப் பாத்து எழுதிகீது மேடம். மூணாவதுல அடிக்குறிப்பே இல்ல. யாருமே குப்பத்துக்கு வர்ல" என்றாள் நிஷா. "வூட்ட இடிக்கும்போது எங்கப்பா வலைய எடுக்க உள்ள போச்சு. செவுரு மேல வுழுந்துச்சு. தானா முன்வந்தாங்களாம்!"

எப்சிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் உண்மையான ஆய்வு. பெருமையாகத்தான் மூன்றாவது புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எழுதியவர் துறைத்தலைவர் கஸ்தூரிரங்கன்.

கஸ்தூரிரங்கன் கெட்டவர் இல்லை, அதுதான் பேஜார். கையெழுத்துக்குப் போன ஆய்வைப் படித்தவர், எப்சியைக் கூப்பிட்டுக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அவ அப்பா செத்தது எந்தப் புத்தகத்துல இருக்கு எப்சி? மூணு புத்தகம் ஒண்ணையே சொல்லுது. அந்த வரியை எழுதச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன். உங்க ரினியூவலும் என் டேபிள்லதான் இருக்கு."

நிஷாவிடம் எப்சி கெஞ்சினாள். "எழுதலன்னா டிகிரி போயிடும்மா."

"நா எழுத மாட்டேன் மேடம். அப்புறம் எங்கம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது? வேணும்னா நீங்களே எழுதிக்கோங்க." ஆய்வு இருந்த பென்டிரைவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எப்சி எழுதினாள். அப்பாவைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த ஒரே வரியைத் தட்டினாள். நிஷாவின் படிப்புக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். மீதிப் பாதி அவளுடைய வேலை.

நிஷாவுக்கு டிகிரி வந்தது, எப்சிக்கு வேலை நீண்டது. கஸ்தூரிரங்கனுக்கு மனம் குளிர்ந்து, அந்த ஆய்வைத் துறையின் கட்டுரைத் தொகுப்பில் நிஷாவின் பெயரோடும், அந்தக் குப்பத்தில் பிறந்தவள் என்ற குறிப்போடும் அச்சேற்றினார். பிரதி வாங்கிப்போக நிஷா வரவில்லை. எப்சி போன் செய்தபோது எடுக்கவுமில்லை.

அடுத்த வருஷம் புதிய பிள்ளைகள் வந்தார்கள். அதே குப்பத்தை எடுத்துக்கொண்டவன் ஜோனத்தான் என்ற சூட்டிகையான பையன். வகுப்பு நடுவே உற்சாகமாக எழுந்து நின்றான்.

"நீங்க சொன்ன மாதிரியே எல்லா அடிக்குறிப்பையும் செக் பண்ணிட்டேன் மேடம். மூணு புக்குல எனக்கும் டவுட்டு இருந்துச்சு. ஆனா நாலாவதா ஒண்ணு கிடைச்சிருக்கு. அந்தக் குப்பத்துப் பொண்ணே எழுதியிருக்காங்க, தானாத்தான் காலி பண்ணோம்னு. இதவிட வேற ஆதாரம் வேணுமா மேடம்?"

வகுப்பு முழுவதும் எப்சியின் முகத்தையே பார்த்தது.

"வேண்டாம்" என்றாள். "எழுதிக்கோ."